நாள் குறிச்ச வெள்ளிக்கிழமை

செங்கட்டான்பட்டி பூச்சந்தையில வெள்ளிக்கிழமை வராமப் போன அந்த ஆவணி மாசத்தைப் பத்தி இன்னைக்குக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு விதமாச் சொல்லுவாங்க, ஆனா ஒருத்தர்கூட அதை அதிசயம்னு சொல்ல மாட்டாங்க. மழை தள்ளிப்போன வருசம், பஸ் ஸ்டாண்டை இடம் மாத்தின வருசம்னு இருக்கிற மாதிரி வெள்ளிக்கிழமை தள்ளிப்போன வருசம்னு அது ஒண்ணு, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை எல்லாரும் வழக்கம்போலத் தூங்கப் போனாங்க. விடிஞ்சு எந்திரிச்சு காலண்டர்ல தாளைக் கிழிச்சா அடியில இன்னொரு வியாழக்கிழமை இருந்துச்சு. அச்சாபீஸ்காரன் கோட்டை விட்டுட்டான்னு அதையும் கிழிச்சாங்க, அதுக்கு அடியிலயும் வியாழன்தான். மளிகைக்கடைக்காரர் ஒருத்தர் விடாம கிழிச்சுக்கிட்டே போயி எப்படியும் கார்த்திகையில போயி நின்னுறலாம்னு பாத்தாரு, கடைசியில சுவத்துல ஆணியும் அட்டையும்தான் மிச்சம். செல்போனைத் திறந்தா அதுலயும் வியாழன். மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டா அங்கயும் வியாழன்தான்னாங்க, ஆனா அவங்களுக்கு அதுல பெருசா சந்தேகம் ஏதும் வரல, டவுன்காரங்களுக்கு எந்தக் கிழமையா இருந்தா என்ன.

சந்தை வாசல்ல எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பண்ற வையாபுரியும் அன்னைக்குக் காலண்டரைப் பாத்தான். விருச்சிக ராசிக்கு நேரா அலைச்சல்னு போட்டுருந்துச்சு. முந்தின நாளும் அதான் போட்டுருந்துச்சு. அவன் அதையே திரும்பத் திரும்பப் படிச்சான், ஏன்னா வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சவன் அவன்தான்.

அந்தச் சந்தையில பூ எப்படி விக்கும்னா, கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடியே மல்லியும் பிச்சியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையா வந்து எறங்கும், சந்தையிலயும் சுத்துப்பட்டு ஊர்லயும் இருக்கிற ஒவ்வொரு கமிஷன் கடையிலயும் எடை போட்டு, யாரோட பூ, என்ன பூ, எத்தனை கிலோன்னு ஒரு துண்டுச்சீட்டு வரும், அந்த எடை ஏலக்கூடத்துல இருக்கிற பெரிய பலகைக்குப் போகும், பலகையில பேரு வந்தாத்தான் ஏலம். பலகையில வராத மூட்டை மூட்டை இல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள அது குப்பை. இந்தச் சீட்டையும் பலகையையும் சேத்து வைக்கிற சாஃப்ட்வேரை வையாபுரிதான் எழுதினான், பேரு பூக்கணக்கு. அதுக்கு விலையும் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ள எப்படி ஓடுதுன்னு யாரும் திறந்து பாக்கலாம், தனக்கு வேணும்கிற மாதிரி மாத்திக்கலாம், அடுத்தவனுக்கும் குடுக்கலாம். அப்படித்தான் அது பென்டிரைவ்ல ஏறி, லாரில ஏறி, பூ வெளையிற ஊரெல்லாம் போயிருச்சு. இப்ப எந்தெந்தக் கடையில ஓடுதுன்னு எழுதினவனுக்கே தெரியாது. தண்ணிப்பந்தல் வச்சவன் குடிச்சவன் பேரையெல்லாமா எழுதி வச்சுக்கிறான்.

அதுல ஒரு கோளாறு இருந்துச்சு. பழைய பூக்கணக்குக்கு ஆளை இனிஷியலும் பேரும் வச்சுத்தான் தெரியும், ஆனா சந்தைக்குப் பூப் போடுறவங்கள்ல பாதிப்பேரு மு. பாண்டி. ஒரு பாண்டியோட மல்லி இன்னொரு பாண்டி பேருக்குப் போயி, ரெண்டு பாண்டியும் மூணாவது பாண்டிகிட்டப் பஞ்சாயத்துக்குப் போன கதையெல்லாம் உண்டு. அதனால வையாபுரியும், வத்தலக்குண்டுக்காரி ஜெயசுதான்னு பெங்களூர்ல கம்பெனி வேலையில இருந்துக்கிட்டே லீவு நாள்ல இவனுக்குக் கூடமாட எழுதிக் குடுக்கிற பொண்ணும் சேந்து, ஆளுக்கு ஒரு நம்பர் குடுக்கிற புது வெர்ஷனை எழுதி முடிச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமையிலருந்து பலகை புதுசோட மட்டும்தான் பேசும். அதுக்கு முன்னாடி அவனவன் தன் கடையில ஒரு பொத்தானை அமுக்கி எல்லாத்தையும் மாத்திக்கணும், மாத்தலைன்னா அவன் சீட்டும் செல்லாது, மூட்டையும் செல்லாது. வெள்ளிக்கிழமைன்னு சொன்னது ஜெயசுதா. எதாவது உடைஞ்சா ஒட்டவைக்கச் சனி ஞாயிறு கையில இருக்கும்ணேன்னா. அவனுக்கும் அது நல்ல ரோசனையாத்தான் பட்டுச்சு.

வியாழக்கிழமை திரும்பத் திரும்ப வந்துக்கிட்டிருந்தப்ப, இதுக்குக் காரணம் என்னன்னு கண்டுசொன்னவரு அபுபக்கர் ராவுத்தர். பூக்கணக்கு முதமுத ஓடினது அவரு கமிஷன் கடையிலதான். டீக்கடையில வச்சு, வெள்ளிக்கிழமைன்னு ஊருக்கே சொன்ன காரியம் உன்னோடது ஒண்ணுதான் தம்பி, சேதி போய்ச்சேராத ஆளு எங்கயோ ஒருத்தன் இருக்கான், அவனுக்குப் போய்ச்சேர்ற வரைக்கும் நாள் நகராது போலன்னாரு, என்னமோ கரெண்ட் ஏன் போச்சுன்னு சொல்ற மாதிரி. டீக் குடிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் ஆமா அப்படித்தான் இருக்கும்னு தலையாட்டிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. வையாபுரி மட்டும்தான் டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சான்.

அவன் ஏற்கனவே சொல்லித்தான் வச்சிருந்தான். பூக்கணக்கைத் திறந்தாலே மேல ஒரு மஞ்சப்பட்டை வரும், அதுல எல்லாம் விவரமா எழுதியிருக்கும். கடைக்குக் கடை போயிக் கேட்டா, அந்தப் பட்டையை எந்தப் பக்கம் தட்டினா மறையும்னு எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டே தெரியுது, அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. வாட்ஸப் குரூப்ல போட்டான். அது போய்ச்சேந்த நிமிசத்துலயே காலை வணக்கம் சொல்ற ரோசாப்பூ மேல விழுந்து மூடிருச்சு. மறுநாளும் வியாழன். போஸ்டர் அடிக்கக் குடுத்தான். அச்சாபீஸ்ல கைவசம் இருந்த கறுப்புக் கட்டத்துக்குள்ள பழைய பூக்கணக்கு வெள்ளிக்கிழமையோடு நம்மை விட்டுப் பிரிகிறதுன்னு அடிச்சுக் குடுத்துட்டாங்க, அதைப் பாத்துட்டு ரெண்டு பேரு வையாபுரி கடைக்கு வந்து கையைப் புடிச்சு, என்னப்பா செய்றது, எல்லாம் நம்ம கையிலயா இருக்குன்னுட்டுப் போனாங்க, யாரோ ஒரு போஸ்டருக்கு மாலையும் போட்டுருந்தாங்க. மறுநாளும் வியாழன். ஆட்டோவுல மைக் கட்டி ஊர் ஊரா அனுப்பினான். ஆட்டோக்காரன் எதைப் படிச்சாலும் ஜவுளிக்கடைத் தள்ளுபடி மாதிரியே படிக்கிற ஆளு, பொத்தானை அமுக்குங்கன்னு அவன் கூவினதைக் கேட்டுட்டு, அமுக்கினா என்ன குடுப்பாங்கன்னு பொம்பளைங்க ஆட்டோ பின்னாடியே ஓடினாங்க. மறுநாளும் அதே தாள், அதே அலைச்சல்.

ஊரு பாட்டுக்கு அது பொழப்பைப் பாத்துச்சு. வியாழக்கிழமை தவறாம தட்சிணாமூர்த்திக்கு மூக்குக்கடலை மாலை போட்டு சுண்டல் குடுக்கிற கோயில்ல தினமும் சுண்டல் ஆயிப்போயி, ஊரே ஒரு மாதிரி உப்பிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. ராவுத்தர் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குன்னு தேச்ச வெள்ளைச் சட்டையைத் தினமும் எடுத்துப் பாத்து, தினமும் மடிச்சு வச்சாரு; பள்ளிவாசல்ல பேசி வச்சு, மத்த நாள் மாதிரி மதியத் தொழுகை லுஹரைத் தொழுதுட்டு வந்துருவாங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்கு வந்து இறங்குன கல்யாண வீட்டுக்காரங்க, திரும்பிப் போனா மண்டபம் போயிரும்னு அங்கயே தங்கிட்டாங்க. ரெண்டு வீட்டு சனமும் சேந்து சமைச்சு, சேந்து சாப்பிட்டு, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பெருசா ஒரு சண்டை போட்டு, அதுலருந்து சமாதானமும் ஆயிட்டாங்க, பொதுவா அதுக்கு ஒரு வருசம் ஆகும். பூ மட்டும் நாளைக்கு வெள்ளிக்கிழமைன்னு கூடை கூடையா மண்டபத்துக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு, நாளைக்கு வெள்ளிக்கிழமையா இல்லாததால வாடிக்கிட்டும் இருந்துச்சு. டிவி சீரியல்காரங்களுக்குத்தான் ஒரு சிக்கலும் இல்ல, அவங்களுக்கு எப்பவுமே எல்லா நாளும் ஒண்ணுதான்.

யாரும் வையாபுரியைத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம்னு அவனுக்கு இருந்துச்சு. தராசைத் தூக்கிட்டு வர்றவனும், டீக்கடைக்காரனும், சுண்டலும் கையுமா எதுக்க வர்ற பூசாரியும், என்ன தம்பி, சொல்லிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவாங்க, மழை வருமான்னு கேக்கிற தொனியில. அவனால ஒரு இடத்துல உக்கார முடியல. தராசைப் பிரிச்சா மூட முடியல. அவன் பொண்டாட்டி சுகந்தி, பையனுக்குக் காதுகுத்துக்கு நாள் பாக்கணும்னு புதன்கிழமை பையனோட அம்மா வீட்டுக்குப் போனவ, இவன் போன் போட்டு எப்ப வர்றன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை வர்றேன்னுதானே சொல்லிட்டு வந்தேன், வெள்ளிக்கிழமை வந்தா வர்றேன், நான் என்ன உங்கள மாதிரி சொன்ன நாளை மாத்துற ஆளான்னா. அவ சிரிக்கிறாளா கோவப்படுறாளான்னு போன்ல தெரியல. வீட்டுல தோசைமாவு புளிச்சுப் பொங்கி வழிஞ்சு கிடந்துச்சு. பொண்டாட்டியும் புள்ளையும் வீட்டுக்கு வரணும்னா வெள்ளிக்கிழமை வரணும், வெள்ளிக்கிழமை வரணும்னா சேதி தெரியாத அந்த ஆளைக் கண்டுபிடிக்கணும்.

கண்டுபிடிக்க அவன் தினமும் ஏலக்கூடத்து வாசல்ல நின்னு, வர்ற மூட்டையெல்லாம் புரட்டிப் பாத்தான். ஒரு வியாழக்கிழமை, பஸ் மேல வந்த ஒரு சம்பங்கி மூட்டையில பூக்கணக்குச் சீட்டு ஒண்ணு சொருகியிருந்துச்சு, ஆனா அவன் எழுதின மாதிரி இல்ல. மு. பாண்டின்னு இருக்க வேண்டிய இடத்துல மு. பாண்டி, மாடிவீடுன்னு இருந்துச்சு. அடுத்த மூட்டையில மு. பாண்டி, நெட்டை. அதுக்கடுத்து மு. பாண்டி, பட்டாளம். எந்தக் கடையிலருந்து வருதுன்னு சீட்டுத் தலையில பாத்தான். கரட்டுப்பட்டி, தங்கமயில் கமிஷன் கடை.

தங்கமயில் வையாபுரிக்குக் கூடப் பிறந்த அக்கா. அவன் கல்யாணத்துக்கு அவ வரல, மூணாவது முடிச்சைப் பெரியப்பா மகதான் போட்டா, அன்னையிலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. புருசன் தவறிப் போனதுக்கப்புறம் அவ பூக்கடை வச்சிருக்கான்னு காதுல விழுந்துருக்கு. அதுல ஓடுறது தன்னோட பூக்கணக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

அவன் ராவுத்தர்கிட்டப் போயி, நீங்க ஒரு எட்டு போயிச் சொல்லிட்டு வந்துருங்க பாய்னு கேட்டுப் பாத்தான். ராவுத்தர் சட்டையை மடிச்சுக்கிட்டே, நான் சொன்னா வெள்ளிக்கிழமை வரும்னா என்னைக்கோ வந்துருக்காதாப்பான்னாரு. அடுத்த பஸ்ல அவன் கரட்டுப்பட்டிக்கு ஏறினான்.

கடை சின்னதுதான். தகரக் கூரை, ஒரு தராசு, பழைய கம்ப்யூட்டர், அது மேல தூசி விழாம ஒரு பூப்போட்ட துண்டு. தங்கமயில் எடை போட்டுக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்துட்டு, வாங்கன்னா. கூடப் பிறந்த அக்கா வாங்கன்னு சொன்னதும் அவனுக்குச் செருப்பை எங்க கழட்டுறதுன்னே தெரியல. உக்காருங்கன்னு ஸ்டூலைத் தள்ளிவிட்டா. விருந்தாளிக்குன்னு எடுத்து வச்சிருக்கிற எவர்சில்வர் டம்ளர்ல காப்பி வந்துச்சு. பூக்கொண்டு வந்தவங்க எல்லாம் போற வரைக்கும் அவன் அந்த டம்ளரையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தான்.

அப்புறம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்த மாதிரி ஒப்பிச்சான். வெள்ளிக்கிழமையிலருந்து பலகை மாறப் போகுது, அதுக்கு முன்னாடி இன்ன பொத்தானை அமுக்கணும், அமுக்கலைன்னா இன்னது ஆகும்னு ஒண்ணு விடாம சொன்னான். சொல்லி முடிச்சதும் அவனுக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்துச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான்னு நெனச்சான்.

"எல்லாம் தெரியுங்க" அப்படின்னா தங்கமயில். "மஞ்சப்பட்டையைத் தினமும் படிக்கிறேன். எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊர்லயே அந்தப் பட்டையைப் படிச்ச ஒரே ஆளு அவதான்.

"தெரியுமா? பிறகு ஏன் நாள் நகரல?"

அவ தராசுல ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொண்ணா எடுத்தா. "ஆவணி முகூர்த்தம், அதுலயும் வெள்ளிக்கிழமை. வருசத்துலயே அன்னைக்குத்தான் பூ மலை மாதிரி வந்து விழும். அன்னைக்குப் போயி எவனாவது தராசுல கை வைப்பானா? இங்க மாடிவீடு, நெட்டை, பட்டாளம்னு என் மக உக்காந்து மாத்திக் குடுத்துருக்கா, மாமன் எழுதினதும்மா, திறந்துதான் இருக்கு, மாத்திக்கலாம்னா. உங்க பொத்தானை அமுக்கினா இந்தப் பேரெல்லாம் போயிரும். சோதிச்சுப் பாத்துட்டோம். இத்தனை பேரு இருக்கோமே, எங்ககிட்ட யாரு கேட்டா?"

"அதான் சொல்ல வந்தேனே அக்கா."

"சொல்லத்தான் வந்த." அவ குரல் உயரல. "தட்டுல வெத்தலை பாக்கோட அன்னைக்கும் சொல்லத்தான் வந்த. மண்டபம் கிடைச்சுச்சுன்னு உன் கல்யாணத்துக்கு நாளைக் குறிச்சுட்டு, பத்திரிகையும் அடிச்சுட்டு வந்து நின்ன. என் வீட்டுக்காரருக்கு அன்னைக்கு வருசத் தெவசம்டா. ஒரு வார்த்தை கேட்டுருந்தா நானே சொல்லியிருப்பேன், முன்னப் பின்ன வைன்னு."

வெளிய ஒரு ஆடு கிழிஞ்ச சாக்கை மென்னுக்கிட்டிருந்துச்சு. வையாபுரி அதைப் பாத்தான். ஒன்பது வருசமா அவ வரலைங்கிறதை மட்டும்தான் அவன் நெனச்சுக்கிட்டு இருந்தான், அன்னைக்கு என்ன நாளுன்னு அவன் யோசிச்சதே இல்ல. மன்னிச்சுக்கன்னு சொல்ல வாயெடுத்தான், அதுவும் சொல்றதுதான்னு தோணி நிறுத்திக்கிட்டான். கடைசியா, அவன் எழுதின மஞ்சப்பட்டையிலயும் போஸ்டர்லயும் மைக்லயும் எங்கயும் இல்லாத ஒண்ணை, புதுசாப் படிக்கிறவன் மாதிரி எழுத்துக் கூட்டிக் கேட்டான்.

"எப்ப வச்சா உனக்குத் தோதுப்படும்கா?"

தங்கமயில் கையில சேந்த இதழ்களைக் கூடையில போட்டா. அப்புறம், "மார்கழி" அப்படின்னா. "பனியில பூவும் கம்மி, முகூர்த்தமும் இல்ல. பொத்தானு அமுக்கினாலும் பட்டப்பேரு போகாம பாத்துக்க. ஆனா நான் ஒருத்தி சொன்னேன்னு வச்சுறாத, மத்தவங்களையும் கேளு. காப்பி ஆறிப்போச்சு பாரு, குடிச்சுட்டுப் போடா."

அவன் அன்னைக்கே திரும்பி வந்து சந்தையில ஒவ்வொரு கடையிலயும் ஏறி இறங்கினான். இந்தத் தடவை சொல்லல, கேட்டான். கேட்ட இடத்துலயெல்லாம் மார்கழின்னாங்க, யோசிக்காம, ஏதோ நாக்கு நுனியிலயே வச்சிருந்த மாதிரி. கேசவன் கடையில மட்டும் மார்கழியில சபரிமலைக்குப் போயிருவோமே, முத வாரம்னா சரின்னாங்க. அவனுக்கு ஆத்திரமா வந்துச்சு. ராவுத்தர்கிட்டப் போயி, ஆவணி வெள்ளி ஆகாதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்தானே, ஏன் பாய் வாயைத் திறக்கலன்னு கேட்டான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" அப்படின்னாரு ராவுத்தர். "நீ வந்த வேகத்துல சொல்ல வந்தவன் மாதிரி இருந்த தம்பி. சொல்ல வந்தவன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

வையாபுரி ஜெயசுதாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அவ, மார்கழின்னா எனக்கு லீவு கிடைக்காதேண்ணேன்னா. எப்பத்தான் கிடைக்கும்னு கேட்டான். அவளுக்கே ஆச்சரியம், இத்தனை நாள்ல இதை நீங்க கேட்டதே இல்லைண்ணேன்னா. முத வாரத்துல ரெண்டு நாள் எடுத்துரலாம்னு பேசி முடிச்சாங்க. மஞ்சப்பட்டையில இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு ரெண்டே வரி போட்டான்: மார்கழி முதல் வாரம் மாத்தலாம்னு பேசியிருக்கோம், உங்களுக்குத் தோதுப்படலைன்னா இன்ன நம்பருக்குச் சொல்லுங்க. அன்னைக்கு அந்தப் பட்டையைத் தட்டி மறைக்காம நெறையப் பேரு படிச்சாங்க. அதுல பாதிப்பேரு போன் போட்டு, வேற ஒண்ணும் இல்ல தம்பி, நம்பர் எடுக்குதான்னு பாத்தேன்னு வச்சுட்டாங்க.

மறுநாள் விடிஞ்சப்ப வெள்ளிக்கிழமையா இருந்துச்சு. யாரும் கைதட்டல. மண்டபத்துல மேளம் கேட்டுச்சு, தாலி கட்டினதும் ரெண்டு வீட்டுக்காரங்களும் பிரிய மனசில்லாம அழுதாங்களாம். பூ மலை மாதிரி வந்து விழுந்து, பழைய பூக்கணக்குல சீட்டு வந்து, பழைய பலகையில பேரு வந்து, ஒரு பாண்டியோட மல்லி இன்னொரு பாண்டி பேருல வழக்கம்போல ஏறி, வெயிலுக்கு முன்னாடி எல்லாம் போயிருச்சு. மதியம் ராவுத்தர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வேகமா நடந்து போனாரு. வையாபுரி காலண்டரைப் பாத்தான். விருச்சிகத்துக்கு நேரா அன்னைக்கும் அலைச்சல்னுதான் போட்டுருந்துச்சு. அடப் போங்கடான்னு தோசைமாவைக் கொட்டிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வச்சான்.

சாயங்கால பஸ்ல சுகந்தி பையனோட வந்து இறங்கினா. பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டான். சுகந்தி பையை வாங்கிக்குங்கன்னு நீட்டிக்கிட்டே, காதுகுத்துக்குத் தை மாசத்துல அருமையான நாள் கிடைச்சுருச்சுங்க, அம்மா குறிச்சே குடுத்துட்டாங்க, திங்கக்கிழமை பத்திரிகை அடிக்கக் குடுத்துரலாம்னா.

வையாபுரி பையை வாங்கினான். கீழ வைக்கல. அந்த பஸ்ஸு இன்னும் கிளம்பாம உறுமிக்கிட்டு நின்னுச்சு, நெத்தியில கரட்டுப்பட்டி வழின்னு எழுதியிருந்துச்சு.

"நாளைக்குச் சனிக்கிழமை வரணும்ல" அப்படின்னான். "ஏறு. அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரலாம்."